ஒரு ஞாயிற்றுக்குப் பதினான்கு ஞாயிறு

சேசு மரி சூசை துணை

ஹார்லன்ஸ் ஃபெரி, பென்சில்வேனியா
நவம்பர் 12, புதன்கிழமை

அன்புள்ள தம்பி சிரிலுக்கு,

உன் அக்கா ஜெனவீவ் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அத்தான் எமிலும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் அந்தக் கிருபையில் சேரவில்லை. நீயும் லாஸ் வேகஸ் பாலைவனத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, அம்மா போட்டுவிட்ட மாதா பதக்கத்தைக் கழற்றாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதக்கம் கழுத்தில் இருக்கிறதா, மேசை இழுப்பறையில் இருக்கிறதா என்பதைப் பதிலில் மறைக்காமல் எழுதவும்.

நிற்க. திங்கட்கிழமை நீ போன் செய்து, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், "அக்கா, உங்க ஊர்ல என்னதான் நடக்குது?" என்று கத்தினாய். அடுப்பில் முட்டைக்கோஸ் கொதித்துக்கொண்டிருந்தது. "ஓடெல் ஃபிஞ்சுக்குத்தான் இந்த வருஷ பேஸ்பால் விருதுன்னு உங்க ஊர்லேர்ந்து மட்டும் முப்பத்தொரு பேர் பணம் கட்டியிருக்காங்க. முக்கால்வாசி அஞ்சு டாலர், பத்து டாலர். எல்லாம் புனிதர் பேரு. சராசரி வயசு எழுபத்தாறு! ஓட்டு ரகசியம் எங்கேயோ கசிஞ்சிடுச்சுன்னு எங்க பந்தய ஆபீஸே ஆடிப்போய்க் கிடக்கு" என்றாய். நான் சொல்ல ஆரம்பித்ததும், "போன்ல வேணாம், பாதியில ஜெபமாலைக்கு மணியாச்சுன்னு வச்சிடுவ. ஒண்ணு விடாம எழுதி அனுப்பு" என்றாய். ஆகவே எழுதுகிறேன். வீட்டுக் கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுவதால் தேதியில் பிழை இருக்காது. ரகசியம் எதுவும் கசியவில்லை, தம்பி. இது முழுக்கப் புனித யூதா ததேயுவின் வேலை.

முதலில் உன் அத்தான் விஷயம். அவர் கோவிலுக்குப் போவதை நிறுத்திய கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு செப்டம்பர் ஞாயிறு, பன்னிரண்டு மணிப் பூசை, பேஸ்பால் ஆட்டமும் பன்னிரண்டுக்கே. இவர் கோட்டுக் காலருக்குள் ஒயரை விட்டுக் காதில் ஆட்டம் கேட்டுக்கொண்டே பக்தியாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் சொல்லிக்கொண்டிருந்த ஹ்ருஷ்கா சாமியார் அப்படியே படியிறங்கி வந்தார், எங்கள் பெஞ்சருகே நின்றார், ஒயரைப் பிடித்து உருவினார். "எமில், மோட்சத்துல ஸ்கோர் போர்டு கிடையாது." இவர் எழுந்து நின்று, "அப்ப அங்க எனக்கு ஜோலி இல்ல, சாமி" என்று சொல்லிவிட்டு வெளியே போனவர்தான். ஹ்ருஷ்கா சாமியார் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. இவர் கோபம் இன்னும் காலமாகவில்லை. அடக்கத்துக்குக்கூட வண்டி நிறுத்தும் இடத்தில் என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் என் பக்கத்து இடத்தில் பதினோரு வருஷமாக என் கைப்பைதான் உட்கார்கிறது. ஊரில் எல்லோருக்கும் தெரியும், அந்த இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஈஸ்டர் நெரிசலில்கூட நின்றுகொண்டே பூசை காண்பார்கள், கைப்பையை எடுக்கச் சொல்ல மாட்டார்கள். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்க முடிவதில்லை.

இப்போது ஏப்ரலுக்கு வருகிறேன். முதல் வாரம், வியாழக்கிழமை, முட்டை டஜன் மூன்று டாலர் எண்பது. இரவுச் சாப்பாட்டில் நான் உருளைக்கிழங்கை மாவில் மடித்து வேகவைத்த பிரோகி பரிமாறிக்கொண்டிருந்தேன். இவர் போனில் உங்கள் பந்தயப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். பார்ப்பதோடு சரி, அவர் பணம் கட்டுவதில்லை. "இந்த வருஷம் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு நம்ம ஃபிஞ்சுக்கு ஒண்ணுக்குப் பதினாலு குடுக்குறான் உன் தம்பி. கிடைச்ச மாதிரிதான்" என்றார். "யாரு, கையுறையைத் தானே தைச்சுக்குற பிள்ளையா?" என்றேன். செய்தித்தாளில் படித்திருந்தேன்: ஒன்பது வருஷமாக ஒரே கையுறை, ஆட்டம் முடிந்ததும் தோல் வாரைத் தானே கோத்துத் தைத்துக்கொள்கிறானாம். அவன் மட்டை பிடிக்கிற அழகெல்லாம் எனக்குத் தெரியாது. கிழிந்ததைத் தைக்கிறவனை எனக்குத் தெரியும். "அவனுக்குத்தான் கிடைக்கும்" என்றேன்.

"கிடைக்கும்னா பந்தயம் கட்டு."

"நான் காசு வச்சு ஆடறதில்ல."

"பிங்கோ?"

"அது கோவில் கூரைக்கு."

"சரிம்மா, காசு வேணாம். ஞாயித்துக்கிழமை வை" என்றார் உன் அத்தான், முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு. "நீ ஒரு ஞாயிறு வை. ஃபிஞ்ச் தோத்தா, அடுத்த சீசனோட முதல் ஞாயிறு முழுக்க நீ என் பக்கத்துல சோபாவுல உட்காரணும். கோவில் கிடையாது, ஜெபமாலை கிடையாது, நடுவுல எந்திரிச்சுத் துணி மடிக்கிறது கிடையாது. ஃபிஞ்ச் ஜெயிச்சா நான் பதினாலு ஞாயிறு உன் பக்கத்துல கோவில்ல உட்காருறேன். உன் தம்பி போட்ட விலைதான், ஒரு பைசா குறைக்கல."

கேட்டாயா, சிரில். பதினான்கு ஞாயிறு! பெந்தகோஸ்தே முதல் பள்ளிக்கூடம் திறக்கிறவரை உள்ள அத்தனை ஞாயிறு! ஆனாலும் நிதானமாக, "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் இப்போது பங்கில் இருக்கிற பென்கோ சாமியாரிடம் போய், சனிக்கிழமை சாயங்காலப் பூசை கண்டால் ஞாயிறு கடன் தீருமா என்று கேட்டேன். தீரும் என்றார். வீட்டுக்கு வந்து பந்தயத்துக்குச் சம்மதம் சொன்னேன். ஒரு பக்கம் கட்டியவன் மறுபக்கமும் கொஞ்சம் கட்டி, எது நடந்தாலும் முழுக்க நனையாமல் பார்த்துக்கொள்வதை உங்கள் தொழிலில் முட்டுக் கொடுப்பது என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்தச் சனிக்கிழமைப் பூசைதான் என் முட்டு.

அதன்பிறகுதான் உன் தொழிலை உட்கார்ந்து படித்தேன். இதை நான் முன்பே செய்திருக்க வேண்டும். நீ பேஸ்பாலுக்குப் பந்தய விலை போடப் போய் இருபத்திரண்டு வருஷம். அத்தனை வருஷமும் உன்னை வழிதவறினவர்கள் பட்டியலில், குடிகாரர்களுக்கும் காணாமல் போன பூனைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் ஜெபித்துவந்தேன். மே மாதம் அந்தப் பட்டியலிலிருந்து உன்னை எடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாவுக்கணக்குப் போடுகிற மாதிரிதான் போட்டேன்: ஒன்றுக்குப் பதினான்கு என்றால் பதினைந்தில் ஒரு வாய்ப்பு, நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஆறேமுக்கால். இப்படியே உன் விருதுப் பட்டியலில் இருந்த அத்தனை ஆட்டக்காரர்களுக்கும் போட்டுக் கூட்டினேன். நூற்று முப்பத்தொன்று வந்தது. மூன்று தடவை கூட்டினேன், அதே. பாவம், தம்பி சின்ன வயசிலேயே கூட்டலில் தப்புவிடுவானே, வேலை போய்விடப்போகிறதே என்று பதறிப்போய் உனக்குப் போன் செய்தேன். நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அந்த முப்பத்தொண்ணுதான்க்கா எங்க கூலி" என்றாய். "கோவிலே பத்துதானடா கேக்குது" என்றேன். "கோவிலுக்குக் கரன்ட் பில் கம்மி" என்றாய். அதை நான் பென்கோ சாமியாரிடம் சொன்னேன்; அவர் சிரிக்காமல் கரன்ட் பில்லை எடுத்துக் காட்டினார்.

ஆனாலும் சொல்கிறேன், கூலி எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள், உன்னைப்போல் யோக்கியமாகப் பேசுகிற மனுஷனை நான் இந்த நாட்டில் பார்க்கவில்லை. தேர்தலுக்கு நிற்கிறவன் நிச்சயம் என்கிறான். முழங்கால் டாக்டர் நிச்சயம் என்கிறார். வானிலை சொல்கிற பெண் கோவில் விருந்தன்று வெயில் நிச்சயம் என்றாள், நாற்பது கிலோ முட்டைக்கோஸ் சுருள் மழையில் ஊறியது. நீ ஒருவன்தான், தெரியாததை இவ்வளவு தெரியாது என்று அளந்து, எண் போட்டு, உன் பணத்தை அதன்மேல் வைக்கிறாய். இன்னொன்று. போன வருஷம் நூறு ஆட்டம் தோற்றுக் கடைசியில் கிடந்த அணி எது என்று உனக்குத் தெரியும். இந்த வசந்தத்தில் சாம்பியன் பட்டத்துக்கு அவர்களுக்கு நீ என்ன விலை போட்டாய்? ஒன்றுக்கு ஐந்நூறு. வெளியே போ என்று எழுதவில்லை. பட்டியல் முழுவதும் தேடினேன், உன்னிடம் யாருக்கும் பூஜ்யம் இல்லை. அன்று அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கத்தரித்து ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டேன்.

ஜூனில் ஃபிஞ்ச் கட்டைவிரலைச் சுளுக்கிக்கொண்டபோது அவன் விலை முப்பதுக்குப் போனது. ஆகஸ்டில் பந்துகளை வேலிக்கு அப்பால் அனுப்ப ஆரம்பித்ததும் இறங்கியது. சுற்றிச் சுற்றி அக்டோபரில் பழையபடி பதினான்கிலேயே வந்து நின்றது. அக்டோபர் ஜெபமாலை மாதம். கைவிட்ட காரியங்களுக்குப் பாதுகாவலரான யூதா ததேயுவின் திருநாளும் அதே மாதம் இருபத்தெட்டு. பத்தொன்பதாம் தேதி, ஞாயிறு, பூசைக்குப் போய் அங்கேயே ஒன்பது நாள் சொல்லும் நவநாள் ஜெபத்தைத் தொடங்கினேன். திங்கள் காலையில் இவர் போனில் பார்க்கிறேன், பதினான்கு பதினொன்றாகியிருக்கிறது! ஒரே ராத்திரியில்! நோட்டில் முட்டை விலைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை கோவில் நிலவறையில் நாங்கள் விற்பனைக்குப் பிரோகி மடிக்கிற நாள். பிலோமினா சபோல்தான் முதலில் ஆரம்பித்தாள்.

"நவநாள் சொல்றியாமே, யாருக்கு?"

"தனிப்பட்ட கருத்துக்காக" என்றேன். எங்கள் பங்குக் கோவிலில் அப்படிச் சொன்னால் மேலே கேட்கக்கூடாது என்பது முறை.

"தனிப்பட்டதுன்னா சரி, கேக்க மாட்டோம்" என்றாள் ஆக்னஸ் டுரிக். "ஆளா, நோயா? அதை மட்டும் சொல்லு."

"ஆள்."

"உள்ளூரா?"

"ஆட்டம் உள்ளூர்ல. வீடு எங்கேன்னு தெரியாது."

"ஆட்டமா!" என்றாள் பிலோமினா. "நெட்டையா? கையுறை தைக்கிறவனா? அட கடவுளே, ஜெனவீவ், எமிலுக்காகவா?"

ஒரு டஜன் பிரோகி மடிப்பதற்குள் பதினான்கு ஞாயிறும் வெளியே வந்துவிட்டது. பிறகு ஆக்னஸ், "இவ நவநாள் சொல்லி எது நடக்காம போச்சு? என் பித்தப்பைக் கல்லு?" என்றாள். "போச்சு" என்றார்கள் எல்லோரும். "ஹால் கொதிகலன்?" "ஓடுது." பிலோமினா மாவுக் கையோடு கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தாள். "ஒண்ணுக்குப் பதினொண்ணா? அஞ்சு டாலர் போட்டா அம்பத்தஞ்சு. பிங்கோல நாலு மாசம் உட்காரணும்டி!" என்னைக் கேட்காதே தம்பி, அவர்கள் எல்லோரும் எப்படி அவ்வளவு சீக்கிரம் போனில் பணம் கட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று. கோவில் இணையதளத்தைத் திறக்கச் சொன்னால் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார்கள்.

அதற்கப்புறம் தினமும் இறங்கியது. பதினொன்று ஒன்பதானது, ஒன்பது எட்டு, எட்டு ஆறு. நான் அதை யூதா ததேயுவின் பதில் என்று போய் நிலவறையில் சொல்லுவேன். அவர்கள் அதைக் கேட்டுப் பரவசமாகி இன்னும் நாலு பேரைக் கட்டச் சொல்லுவார்கள். மறுநாள் இன்னும் இறங்கியிருக்கும். நான் மறுபடியும் போய்ச் சொல்லுவேன். ஒன்பதாம் நாள் காலையில் நாலு. ஒன்றுக்கு நாலு! ஐந்தில் ஒரு வாய்ப்பு! இவரிடம் நோட்டைக் காட்டினேன். இவர் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் கவனித்தேன், கொட்டகையில் பனி ஒதுக்கும் இயந்திரத்தைக் காணோம். கேட்டால், பக்கத்து வீட்டு ரஸ்ஸலுக்கு இரவல் கொடுத்திருக்கிறாராம். பனிக்காலம் வரப்போகிற நேரத்தில் இரவல்! அது போகட்டும். நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஜென்னி, அந்த விருதுக்கு ஓட்டுப் போடறவங்க பத்திரிகைக்காரங்க. பட்டப் போட்டி தொடங்கறதுக்கு முன்னாடி, செப்டம்பர் கடைசியிலேயே ஓட்டைப் போட்டு மூடி முத்திரை வச்சாச்சு. முடிவைத்தான் நவம்பர்ல சொல்லுவாங்க. நீ ஒன்பது நாளா முடிஞ்சுபோன காரியத்துக்கு மண்டி போட்டிருக்க."

எனக்கு முழங்கால் வலி அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. நேராகப் பென்கோ சாமியாரிடம் போனேன். மூடின பெட்டிக்கு ஜெபித்தால் செல்லுமா என்று கேட்டேன்.

"கடவுளுக்கு நேத்து, நாளைன்னு கிடையாது, ஜெனவீவ். நீ அக்டோபர்ல சொன்ன ஜெபம் செப்டம்பர்லயே அவர் காதுல விழுந்திருக்கும்."

"அப்ப நான் சொல்லாமலே இருந்திருக்கலாமே, சாமி?"

"சொல்லாம இருந்திருந்தா விழுந்திருக்காது."

இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. நான் கிளம்பும்போது சாமியார் மேசையைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு எவ்வளவுல நிக்குது?" என்றார். நாலு என்றேன். "நான் கட்டும்போது ஒன்பது" என்றவர், சட்டென்று, "பத்தே டாலர்தான், கூரைக்கு" என்றார்.

அதை அன்று நம்பினேன். ஆனால் திங்கட்கிழமை போனில் நீ என்ன சொன்னாய்? "கிழவிங்க அஞ்சு டாலரால மட்டும் விலை இப்படி விழாதுக்கா. உங்க ஊர்ல ஒரு பெரிய கை இருக்கு. ஒரே தடவையில முன்னூறு டாலர்" என்றாய். யார் என்று கேட்டால், "பேர் சொல்லக்கூடாது, சட்டம்" என்று சொல்லிவிட்டு ஒரு மாதிரி சிரித்தாய். அப்புறம், "வாய் என்ன வேணா சொல்லும்க்கா. ஒரு ஆள் எது நடக்கணும்னு மனசுல நினைக்கிறான்னு தெரியணும்னா, அவன் எதுமேல பணம் வச்சிருக்கான்னு பாரு. நான் இருபத்திரண்டு வருஷமா அதை மட்டும்தான் படிக்கிறேன்" என்றாய். எனக்கு ஆள் யார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கூரைமேல் அவ்வளவு ஆசையுள்ளவர் ஒருவர்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து பென்கோ சாமியாருக்கு நான் பிரோகி அனுப்புவதில்லை.

நாளை இரவு முடிவு சொல்கிறார்கள். நீ தெரிந்தாலும் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் தயாராகத்தான் இருக்கிறேன். ஐந்தில் ஒன்று என்றால் ஐந்தில் நாலு தோல்வி என்று எனக்குக் கணக்குத் தெரியும். உன் அத்தான் மனசில் கோவிலுக்கு எள்ளளவும் இடம் இல்லை. அதையும் பதினோரு வருஷமாகப் பார்த்துவிட்டேன். அவர் தானாகத் திரும்புவதற்கு நான் போட்டிருக்கிற விலை ஒன்றுக்கு ஐந்நூறு. உன்னிடம் கற்றுக்கொண்டதால்தான் பூஜ்யம் போடவில்லை. இதோடு பந்தயப் பட்டியலைப் பார்ப்பதை விட்டுவிடுகிறேன். உன் ஆபீஸில் இந்தக் கடிதத்தைக் காட்டு; ரகசியம் எதுவும் கசியவில்லை, ஹார்லன்ஸ் ஃபெரி பெண்கள் கொஞ்சம் ஜெபம் பண்ணினார்கள், அவ்வளவுதான் என்று என் வார்த்தையாகச் சொல்.

நீ போடுகிற விலைகள் எல்லாம் சரியாக விழவும், உன் கண்ணும் கூட்டலும் கெடாமலிருக்கவும் மாதா உன்னைக் காத்துக்கொள்வாராக. அந்தப் பாலைவனத்து வெயிலில் தொப்பி போட்டுக்கொள். அத்தான் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். உண்மையில் தலையாட்டினார், அதை விசாரிப்பு என்று எடுத்துக்கொள்ளவும்.

என்றும் உன் நலத்தை ஜெபத்தில் வைத்திருக்கும்
அக்கா ஜெனவீவ் ஹுடாக்

பி.கு. ஞாயிறு காலை. தபால்தலை தீர்ந்துபோனதால் கடிதம் போகவில்லை. நல்லதாயிற்று, மேலே எழுதியதில் முக்கால்வாசி தப்பு. வியாழன் இரவு ஃபிஞ்ச் தோற்றுவிட்டான், இரண்டாவது இடம். நான் அழவில்லை. ஆனால் ஜெயித்த மனுஷன், உன் அத்தான், இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். டிவியை அணைக்கக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை முதல் பனி. ரஸ்ஸலிடம் போய் இயந்திரத்தைக் கேட்டேன். "என்ன ஜெனவீவ், முன்னூறு டாலர் குடுத்து வாங்கினேனே! போன மாசம், நீ பூசைக்குப் போயிருந்த ஞாயித்துக்கிழமை" என்றான். நோட்டைப் புரட்டினேன். அக்டோபர் பத்தொன்பது. நீ ஏன் சிரித்தாய் என்று அப்போதுதான் புரிந்தது, அயோக்கியா.

இவர் கையில் மண்வாரியைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "முட்டுக் குடுத்தேன்" என்கிறார். "பதினாலு ஞாயிறு உட்கார வேண்டி வந்தா, நாலாயிரத்து இருநூறு டாலராவது கைக்கு வரட்டுமேன்னு." எனக்கு முட்டு என்றால் என்னவென்று தெரியும், சிரில். அதற்கு இருபது டாலர் போதும். பென்சில்வேனியாவில் ஒருத்தர் பனி இயந்திரத்தை விற்று முட்டுக் கொடுக்க மாட்டார். நீ மனுஷர்களைப் படிக்கிற விதத்தில் இவரைப் படித்தேன். பனி தள்ளி முடித்துவிட்டு உள்ளே வந்து அவரே சொன்னார்: "நீ எனக்கு ஒரு ஞாயிறு பாக்கி. சீசன் மார்ச் கடைசியிலதான். அது வரைக்கும் கடன்காரியை எப்படிக் கண்ணுக்கு மறைவா விடறது? நீ எங்கே போனாலும் பக்கத்துலயே உட்கார்ந்து பாத்துக்கிட்டாதான் எனக்கு நிம்மதி."

நாட்காட்டியில் எண்ணினேன். இன்றிலிருந்து சீசனின் முதல் ஞாயிறு வரை நடுவில் பத்தொன்பது. ஜெயித்தால் பதினான்கு, தோற்றதற்குப் பத்தொன்பது! மூன்று தடவை எண்ணினேன். நான் கடன் தீர்க்க வேண்டிய அந்த நாள் குருத்து ஞாயிறாக விழுகிறது; சனிக்கிழமைப் பூசையில் குருத்தோலை எடுத்துவைப்பதாகப் பென்கோ சாமியார் சொல்லிவிட்டார், அவருக்கு ஆறு டஜன் பிரோகி அனுப்பி மன்னிப்புக் கேட்டாயிற்று. அடுத்த வருஷத்துக்கு ஃபிஞ்சுக்கு என்ன விலை என்று மட்டும் எழுது. இவர் காரில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறார், நிறுத்தவேமாட்டார். கைப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன், அங்கே இடமில்லை.